சிவப்புக் கோட்டுக்குப் பதவி உயர்வு

அணை கட்டிப் புகழ் பெற்ற மன்னர்கள் உண்டு. அணையை உடைத்துப் புகழ் பெற்ற வெள்ளங்களும் உண்டு. ஆனால் ஒரு கூடை மண் கொட்டாமல், ஒரு மூட்டை சிமெண்டு குழைக்காமல், ஓர் அணையின் கொள்ளளவை ஒரே காலைப் பொழுதில் நாலடி உயர்த்திக் காட்டிய பெருமை ஆவாரம்பட்டு கொளஞ்சியப்பன் ஒருவரையே சேரும். வருங்காலச் சந்ததி இதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வரலாறு எழுதப்படுகிறது. மறந்துவிட்டால் நல்லது என்று கொளஞ்சியப்பனே நினைக்கிறார். பெரிய மனிதர்களின் தன்னடக்கத்தை வரலாறு எப்போது மதித்திருக்கிறது?

கல்வராயன் மலை முடிந்து கரும்பும் மரவள்ளியும் தொடங்குகிற இடத்தில் ஆவாரம்பட்டு இருக்கிறது. அங்கே இரண்டு கரடுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி, முன்பக்கம் கல் பதித்துக் கட்டிய ஒரு சின்ன மண்ணணை. பன்னிரண்டு அடித் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் வந்தால் ஓரத்தில் உள்ள ‘கோடி’ வழியாக வழிந்து ஓடைக்குப் போகும். மலையில் பெய்கிற மழை ஓடையில் இறங்கி வரும் வேகத்தைப் பிடித்து நிறுத்தி, மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுவது இந்த அணையின் வேலை. பூங்கா கிடையாது, படகு கிடையாது, சுற்றுலாப் பயணி கிடையாது. ஒரு மதகு, ஒரு ஷட்டர், ஒரு கோடி, ஒரு தலைவர். அவ்வளவுதான்.

தலைவர் என்றால் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் தலைவர். எதிர்த்து நிற்க வேண்டியவர் அன்றைக்குத் திருப்பூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால், கொளஞ்சியப்பன் ‘ஏகமனதாக’த் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி அறையில் முருகன் படத்துக்குக் கீழே குங்குமம் வைத்து நிறுத்தினார். சங்கம் அதுவரை நாற்பத்தொரு தீர்மானங்கள் போட்டிருந்தது. கரையில் மண்டிய வேலிக்காத்தானை வெட்டுவது என்று மூன்று முறை. நண்டு வளைகளை அடைப்பது என்று இரண்டு முறை. கரைமேல் டிராக்டர் ஓட்டுகிறவரை வன்மையாகக் கண்டிப்பது என்று ஒரு முறை. வேலிக்காத்தான் இப்போது நிழல் தருகிறது. நண்டுகளுக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. டிராக்டர் தலைவருடையது.

மதகுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஓர் அளவுக்கல் நிற்கிறது. அதில் எட்டாவது அடியில் ஒரு சிவப்புக் கோடு. ‘மழைக்காலத்தில் இதற்கு மேல் நீர் தேக்கக் கூடாது’ என்று பக்கத்தில் எழுத்து. ஒவ்வொரு புரட்டாசியிலும் இளநிலைப் பொறியாளர் தேவிப்ரியா வந்து அந்தக் கோட்டுக்குப் புது வண்ணம் பூசிவிட்டுப் போவார். தலைவரான முதல் புரட்டாசியில் கொளஞ்சியப்பன் கேட்டார்.

“மேல இருக்கிற நாலு அடி எதுக்குங்க மேடம்?”

“காலியா இருக்கறதுக்கு சார்.”

“அது தெரியுதுங்க. எதுக்குக் காலியா இருக்கணும்?”

“மலையில திடீர்னு பேஞ்சா வர்ற தண்ணிக்கு எடம் வேணும் இல்லையா? அந்தக் காலி எடம்தான் சார் இந்த அணையோட வேலையே.”

அன்று கொளஞ்சியப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டு அடி அணைக்குத் தலைவர் என்று லெட்டர்பேடு அச்சடித்து வைத்திருந்தார். இப்போது பார்த்தால் எட்டடித் தண்ணீருக்கும் நாலடிக் காற்றுக்கும் தலைவர்.

அந்தக் கோட்டை மதித்து நடந்தவர்களும் இருந்தார்கள். அணைக்குக் கீழே ஓடையை ஒட்டிய கீழ்க்கொல்லையில் பத்தொன்பது வீடுகள். எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மழை வலுத்தால் சின்னக்கண்ணுவின் மனைவி தைலம்மாள் கரைமேல் ஏறி அளவுக்கல்லைப் பார்ப்பாள். தண்ணீர் சிவப்பைத் தொட்டுவிட்டால் கீழே நோக்கி ஒரே ஒரு குரல்: “கோடு தொட்டுச்சு.” அவ்வளவுதான். ரேஷன் கார்டு, ஆடு, குழந்தைகள், அடுப்பில் பாதி வெந்த சோறு எல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். இதற்குப் ‘பேரிடர் மேலாண்மை’ என்று ஒரு பெயர் இருப்பது தைலம்மாளுக்குத் தெரியாது. ஆறு வருடமாக அங்கே ஓர் உயிரும் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த அணையின் வரலாற்றைத் திருப்பிவிட்டவர் கொளஞ்சியப்பனின் சம்பந்தி வேடியப்பன். அவர் புளியந்துறை பெரிய ஏரியின் சங்கத் தலைவர். அந்த ஐப்பசியில் அவர் ஏரி நிரம்பி, கிடா வெட்டி, தண்ணீரில் பூத்தூவி, அந்தப் படம் செய்தித்தாளிலும் வந்துவிட்டது. அன்று காலையிலேயே சம்பந்தி போன் செய்தார்.

“பேப்பர் பாத்தீங்களா சம்பந்தி?”

“இன்னும் இல்லீங்க.” பேப்பர் மடியில்தான் இருந்தது. சம்பந்தியின் முகத்தின்மேல்தான் டீ கிளாஸ் இருந்தது.

“எங்க ஏரி கோடி போய்க்கினு இருக்குது. உங்க டேம்ல இன்னா நெலவரம்?”

“எட்டு அடிங்க.”

“பன்னெண்டுல எட்டா?” சம்பந்தி ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார். “பரவால்லீங்க. கம்மியா இருந்தாலும் தண்ணி தண்ணிதானே. மனச வுட்றாதீங்க.”

கேலி செய்திருந்தால்கூடக் கொளஞ்சியப்பன் தாங்கியிருப்பார். ஆறுதல் சொன்னதைத் தாங்க முடியவில்லை. அன்று மாலையே பால் சொசைட்டி கட்டடத்தில் ‘அவசர’ப் பொதுக்குழு கூடியது. செயலாளர் அறிவுச்செல்வன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அரசாங்கக் கடிதங்களை நகலெடுத்து நகலெடுத்து அவருடைய தமிழே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் காபி கேட்பதற்கே ‘பார்வை ஒன்றில் கண்டுள்ளபடி’ என்றுதான் தொடங்குவார்.

“ஷட்டரைத் தொறக்காம வுட்டா தண்ணி தானா ஏறிடும்,” என்றார் பகலவன் என்ற உறுப்பினர். “ஆனா கோட்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு ரூல் இருக்குதே.”

“ரூலை நாம மீறக் கூடாது,” என்றார் கொளஞ்சியப்பன் கண்டிப்போடு. “கோட்டுக்கு மேல ஒரு அங்குலம் ஏறக் கூடாது. அதுல நான் கறாரா இருப்பேன். அதனால கோட்டை ஏத்திடலாம்.”

கூட்டம் அசந்துபோய் உட்கார்ந்திருந்தது. சட்டத்தை மீறாமல், அரசைப் பகைக்காமல், அணையையும் நிரப்பும் வழி இவ்வளவு எளிதாக இருக்கும் என்று யாருமே யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கொளஞ்சியப்பனும் அந்த வாக்கியத்தை முடிக்கும் வரை யோசித்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் தனக்கு இவ்வளவு மூளையா என்று அவரே வியந்தார். அந்தச் சந்தேகத்தை அப்போதே கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

“கீழ்க்கொல்லைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்றார் பகலவன்.

அறிவுச்செல்வன் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். “அவங்க மெம்பர் இல்லீங்களே.”

அது சரிதான். சங்கத்தில் சேர வேண்டுமென்றால் அணைப் பாசனத்தில் நிலம் இருக்க வேண்டும். வெள்ளத்தில் சேர அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது.

‘தீர்மானம் எண் 42: அணையின் கௌரவத்தையும் விவசாயிகளின் மனமகிழ்ச்சியையும் கருத்தில் கொண்டு, எட்டாவது அடியில் பணியாற்றி வரும் சிவப்புக் கோட்டை நான்கு அடி உயர்த்திப் பன்னிரண்டாவது அடியில் அமர்த்துவது.’ எல்லாக் கைகளும் உயர்ந்தன. பகலவனின் கை கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது.

மற்ற நாற்பத்தொரு தீர்மானங்களுக்கும் ஆள் கிடைக்கவில்லை. இதற்குத் தலைவரே நேரில் போனார். மறுநாள் காலை, ஊர் மாடு கறக்கிற நேரத்தில், பழைய கோட்டையும் எழுத்தையும் கொத்துக்கரண்டியால் சுரண்டி, அந்த இடத்தில் சுண்ணாம்பு பூசி, டேப் பிடித்து நாலடி அளந்து, புதுக் கோடு போட்டார். பக்கத்தில் அதே எச்சரிக்கையை எழுதினார். பொறியாளரின் கையெழுத்தைவிட அவருடையது அழகாக இருந்தது. மிஞ்சிய பாதி டின் பெயிண்டை வீணாக்காமல் தன் வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடித்தார்.

“இன்னாத்துக்கு இப்ப கேட்டுக்கு செவப்பு?” என்றாள் மனைவி தங்கமணி.

“மிச்சம் இருந்துது.”

“எதுல மிச்சம்?”

நிர்வாக ரகசியங்களை வீட்டில் பேசக் கூடாது என்பது கொளஞ்சியப்பனின் கொள்கை. ஆனால் தங்கமணிக்கு வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி இருந்தது. அன்று சாயங்காலமே எல்லாம் தெரிந்துகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் செய்யக் கூடாத தவறு அது.

கார்த்திகையில் தண்ணீர் பத்தடிக்கு ஏறியது. ஷட்டர் மூடியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ‘அணை நிறைவுப் பெருவிழா’ என்று அழைப்பிதழ் போயிற்று. சம்பந்திக்கு முதல் அழைப்பிதழ். கிடா வாங்கிக் கட்டியாயிற்று. ஷட்டர் கைப்பிடிக்குச் சாமந்தி மாலை போட்டாயிற்று. இன்னும் இரண்டடித் தண்ணீர் மட்டும்தான் வர வேண்டும். அதற்கும் ஓர் அழைப்பிதழ் வைத்திருப்பார், முகவரி தெரிந்திருந்தால்.

முகவரி தேவைப்படவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோதே மலை காணாமல் போய்விட்டது. எதிரே இருந்த கல்வராயன் முழுக்கக் கறுப்பாக ஒரு சுவர். ஊரில் தூறல்தான். மலையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓடை செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களோடு இறங்கி வந்தது.

முதல் போன் தேவிப்ரியாவிடமிருந்து. அவர் பயிற்சிக்காகச் சென்னையில் இருந்தார்.

“மலையில ரொம்பப் பெய்யுதாம் சார். ரீடிங் எவ்ளோ?”

“சிவப்புக் கோட்டுக்கு ரெண்டு அடி கம்மிங்க மேடம்.”

“அப்ப ஆறு அடிதானே. இன்னும் ஆறடி எடம் இருக்குது. தாராளமாத் தாங்கும். நான் மேல சொல்லிடறேன்.”

இரண்டாவது போன் தைலம்மாளிடமிருந்து. கரைமேல் நின்று பேசினாள். காற்று இரைந்தது.

“அய்யா, எனக்குப் பார்க்கறதுக்குத் தண்ணி ஜாஸ்தியா தெரியுது. ஆனா கோட்டுக்கு இன்னும் ரெண்டு அடி கம்மியாத்தான் இருக்குது. நாங்க ஸ்கூலுக்குப் போறதா, வூட்லயே இருந்துக்கறதா?”

“கோடு இன்னா சொல்லுது?”

“கோடு இருன்னுதான் சொல்லுது.”

“அப்புறம் இன்னா.”

அவள் போனை வைத்தாள். அன்று மத்தியானம் கொளஞ்சியப்பன் இரண்டு பேரிடம் பேசினார். இரண்டு பேரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவரும் தன்னிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நாளைக்குச் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அந்த நேரத்திலும் அவர் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

தங்கமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நாலு அடின்னா எவ்ளோ ஒசரங்க?” என்றாள்.

“இன்னாத்துக்கு?”

“தைலம்மா பேத்தி எழில்மதி அன்னிக்கு இந்தக் கேட்ல சாஞ்சிக்கினு நின்னுது. பெயிண்ட் காயல. யூனிபார்ம்லாம் செவப்பா ஒட்டிக்கிச்சு.” கேட்டின் நடுக் கம்பியைத் தொட்டுக் காட்டினாள். “அது தலை இதுவரைக்கும்தான் வந்துது. அளந்து பாருங்க. டேப்தான் வெச்சிருக்கீங்களே.”

அவர் அளக்கவில்லை. சாமி அறைக்கு ஓடினார். கைப்பிடியின் மாலையைப் பிய்த்தெறிந்தார். ஷட்டரைத் திறக்கச் செயலாளருக்குப் போன் போட்டால், அறிவுச்செல்வன் சொன்னார்: “தீர்மானம் இல்லாம எப்படித் தலைவரே? கோரம் வேற இல்ல.” கைப்பிடியைப் பந்தல் வேலையில் இருந்த பகலவனிடம் கொடுத்துத் திருகச் சொல்லிவிட்டு, மொபெட்டைக் கிளப்பிக் கீழ்க்கொல்லைக்குப் போனார்.

அங்கே எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். அரசாங்கம் போட்ட கோடு ‘இரு’ என்று சொல்லியிருந்தது.

“எல்லாம் கெளம்புங்க. ஸ்கூலுக்குப் போங்க. தண்ணி வந்துக்கினு இருக்குது,” என்றார் கொளஞ்சியப்பன்.

சின்னக்கண்ணு வெளியே வந்தார். “இப்பதாங்க பாத்துட்டு வந்தேன். கோட்டுக்கு இன்னும் ஒண்ணரை அடி இருக்குது. நீங்க ஜாஸ்தி பயப்படறீங்க. நனையாம வூட்டுக்குப் போங்க.”

“கோடு தப்புய்யா.”

“அதெப்படிங்க தப்பாவும்? ஆறு வருஷமா ஒரு தடவை தப்பினதில்ல. இன்ஜினீயரம்மா போட்டது.”

“இது அந்தம்மா போட்டது இல்ல.”

“பின்ன யாரு போட்டது?”

மழை வலுத்தது. பத்தொன்பது வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். தலைவராகி ஒரு வருடத்தில் கொளஞ்சியப்பன் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறார். இவ்வளவு சின்னப் பேச்சு எதுவும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

“நாந்தான் போட்டேன். நாலு அடி ஏத்திப் போட்டேன். டேம் ரொம்பினா மாதிரி தெரியணும்னு.”

சின்னக்கண்ணு சிரித்துவிட்டார். பெரிய மனிதர் தங்களைக் கிளப்புவதற்காக ஏதோ சொல்கிறார் என்று நினைத்தார். தலைவர் பதவியில் இருப்பவர் இப்படி ஒரு காரியம் செய்வார் என்பதை நம்ப முடியாத அளவுக்கு அவருக்குத் தலைவர்மேல் மரியாதை இருந்தது. கொளஞ்சியப்பனுக்கு அந்த மரியாதை செருப்படியாக விழுந்தது.

“சத்தியமாய்யா. மிச்ச பெயிண்டைத்தான் என் வூட்டுக் கேட்டுக்கு அடிச்சேன். வேணும்னா வந்து பாருங்க.”

தைலம்மாள் பேத்தியைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பெண்ணின் யூனிபார்மில், துவைத்துத் துவைத்தும் போகாமல், தோளில் ஒரு சிவப்புக் கறை. தைலம்மாள் கறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “அதே செவப்புதான்,” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஓடையின் பக்கம் திரும்பி, ஆறு வருடமாகச் சொல்லிவந்த குரலிலேயே கத்தினாள்: “கோடு தொட்டுச்சு.”

முக்கால் மணி நேரத்தில் ஐம்பத்தெட்டுப் பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பகலவன் ஷட்டரைத் திறந்திருந்தார்; ஆனால் அப்போது அது கடலுக்குக் குழாய் வைத்தது போலத்தான். அணை உடையவில்லை. பாவம், அது எதற்கு உடைய வேண்டும்? இடம் இல்லாததால், வந்த வெள்ளத்தை வந்த வேகத்திலேயே கோடி வழியாகக் கீழே அனுப்பிவிட்டு நின்றது. கீழ்க்கொல்லையில் ஏழு வீடு விழுந்தது. ஓடைக்கரையில் மேய்ச்சலுக்குக் கட்டியிருந்த தைலம்மாளின் இரண்டு ஆடுகளும் அவிழ்க்கும் முன்பே போய்விட்டன. விழாவுக்கு வாங்கிய கிடா மட்டும் தலைவர் வீட்டு மேட்டில் தழை தின்றுகொண்டு சுகமாக இருந்தது. மறுநாள் கொளஞ்சியப்பன் அதை ஓட்டிக்கொண்டு போய் தைலம்மாள் கையில் கயிற்றைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அங்கேயே அழுதிருப்பார்.

நல்ல காரியம் செய்தவர்களை உலகம் சும்மா விடுவதில்லை. தையில் குடியரசு தின விழாவில் கொளஞ்சியப்பனுக்குப் பொன்னாடையும் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தன. ‘தன்னுயிரையும் பொருட்படுத்தாது, உரிய நேரத்தில் எச்சரித்து, ஐம்பத்தெட்டு உயிர்களைக் காத்த பெருந்தகை’ என்று அறிவுச்செல்வன் எழுதிக்கொடுத்ததை ஒருவர் மைக்கில் வாசித்தார். முதல் வரிசையில் சம்பந்தி. அவர் முகத்தில் அன்று உண்மையாகவே பொறாமை தெரிந்தது. எதற்காகக் கொளஞ்சியப்பன் இதையெல்லாம் செய்தாரோ அது கிடைத்துவிட்டது. அவர் பொன்னாடையை உருவி மேசைமேல் வைத்தார்.

மைக்கைப் பிடித்தார். “கோட்டை மாத்தினதே நாந்தாங்க. என்னாலதான் வெள்ளம் அவ்ளோ வந்துது. இது எனக்கு வேணாங்க.”

கூட்டம் பலமாகக் கைதட்டியது. இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு தன்னடக்கமா என்று சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழ்க்கொல்லையிலிருந்து வந்திருந்தவள் தைலம்மாள் ஒருத்திதான்; அவள் மட்டும் கைதட்டவில்லை. விழா முடிந்ததும் அவரிடம் வந்தாள்.

“அய்யா, அந்தப் பெயிண்ட்டு இன்னும் மிச்சம் இருக்குதா?”

“கொஞ்சம் இருக்குதும்மா.”

“எங்க வூட்டுச் செவுத்துல ஒரு கோடு போட்டுக் குடுங்க. தண்ணி நின்ன எடத்துல. இனிமே அந்தக் கல்லைப் பார்த்து நாங்க இருக்க மாட்டோம்.”

போனார். தைலம்மாளின் வீடு விழாமல் தப்பியதில் ஒன்று. உள்ளே சுவரைச் சுற்றி, வெள்ளம் நின்ற மட்டத்தில், சேற்றுக் கறை நூல் பிடித்தது போல ஓடியது. எழில்மதி அதன் அடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாள். அவள் தலைக்கு மேலே இன்னும் நாலு விரல் அகலம் இடைவெளி விட்டுத்தான் கறை இருந்தது. கொளஞ்சியப்பன் பெயிண்ட் டின்னைக் கீழே வைத்தார். பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். தரையில் ஒரு முனையை வைத்துக் கறைவரை பிடித்துப் பார்த்தார். சரியாக நாலடி.

ஆவாரம்பட்டுச் சங்கம் இதுவரை போட்ட நாற்பத்திரண்டு தீர்மானங்களில், ஓர் அங்குலம் பிசகாமல் நடந்து முடிந்தது அது ஒன்றுதான்.